பனியில்லாத மைதானத்தில் பயத்லான்: பள்ளி மாணவர்களுக்கு ஓட்டமும் சுடுதலும் கலந்த போட்டியை நடத்தும் முறை

பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு சில கிலோமீட்டர் விரைந்து வந்து, மூச்சு இரைக்க இரைக்க 50 மீட்டர் தொலைவிலுள்ள ஐந்து இலக்குகளைச் சுட்டுவிட்டு, மறுபடியும் பனியில் விரைகிற விளையாட்டுக்குப் பயத்லான் என்று பெயர். தருமபுரி மாவட்டத்தில் பனி என்றால் மார்கழி விடியலில் கேழ்வரகுத் தாளின்மேல் படிந்திருக்கும் ஈரம்தான்; ஆகவே சறுக்குவதற்கு இங்கே வழியில்லை. ஆனால் ஓடிக் களைத்த உடலைச் சில நொடிகளில் அடக்கிக் குறிபார்ப்பது என்கிற அந்த விளையாட்டின் உயிர்நிலைக்குப் பனி வேண்டியதில்லை. ஒரு மைதானம், ஒரு மண்சுவர், காற்றழுத்தத்தால் சிறு குண்டைச் செலுத்தும் நான்கு ஏர் ரைபிள்கள், பொறுப்பான ஆறேழு பெரியவர்கள் இருந்தால் போதும். பாலக்கோடு பக்கத்துப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நான், 14 முதல் 17 வயது வரையுள்ள மாணவ மாணவியருக்கு இதை மூன்று முறை நடத்தியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சரியாக வந்தவற்றையும் சொதப்பியவற்றையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

மூலப் போட்டியை முதலில் அறிந்துகொள்ளுதல்

பன்னாட்டுப் பயத்லான் சங்கம் ஆண்டுதோறும் இளையோருக்கான உலகப் போட்டியை நடத்துகிறது. 19 வயது வரை உள்ளவர்கள் யூத் பிரிவிலும், 22 வயது வரை உள்ளவர்கள் ஜூனியர் பிரிவிலும் இறங்குகிறார்கள். 2022இல் அமெரிக்காவின் சோல்ஜர் ஹாலோவிலும், 2023இல் கசகஸ்தானின் ஷூசின்ஸ்கிலும், 2024இல் எஸ்டோனியாவின் ஓட்டெப்பாவிலும் இப்போட்டி நடந்தது. ஒலிம்பிக்கில் 13 பதக்கங்கள் வென்ற நார்வேயின் ஓலே ஐனார் பியோர்ண்டாலன், 1993இல் ஜெர்மனியின் ரூபோல்டிங்கில் நடந்த ஜூனியர் போட்டியில் மூன்று தங்கம் வென்ற பிறகே பெரியவர்கள் வரிசையில் பெயர் பெற்றார் என்பதைச் சொன்னால், மாணவர்கள் இதைச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று எண்ணமாட்டார்கள்.

இப்போட்டியில் பல வகைகள் உண்டு. நமக்கு ஏற்றது ஸ்பிரின்ட் என்னும் குறுகிய வகை. ஜூனியர் ஆண்கள் 10 கிலோமீட்டரும் பெண்கள் 7.5 கிலோமீட்டரும், யூத் பிரிவில் ஆண்கள் 7.5 கிலோமீட்டரும் பெண்கள் 6 கிலோமீட்டரும் செல்ல வேண்டும். தூரம் மூன்று சுற்றுகளாகப் பிரிக்கப்படும். முதல் சுற்று முடிந்ததும் படுத்தபடி ஐந்து குண்டுகள், இரண்டாவது சுற்று முடிந்ததும் நின்றபடி ஐந்து குண்டுகள், அதன்பின் கடைசிச் சுற்று. தவறவிட்ட ஒவ்வோர் இலக்குக்கும் 150 மீட்டர் நீளமுள்ள தண்டனைச் சுற்று ஒன்றைக் கூடுதலாகச் சுற்ற வேண்டும். இன்டிவிஜுவல் என்னும் நீண்ட வகையில் தண்டனைச் சுற்று கிடையாது. தவறுக்கு ஒரு நிமிடம் வீதம் நேரத்தில் கூட்டிவிடுவார்கள்.

படுத்துச் சுடும்போது இலக்கின் விட்டம் 45 மில்லிமீட்டர்; அதாவது ஓர் எலுமிச்சம்பழம். நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர்; பழைய சி.டி. தட்டைவிடக் கொஞ்சம் சிறியது. இந்த இரண்டையும் மைதானத்தின் ஒரு முனையில் வைத்து, 50 மீட்டர் தள்ளி மாணவர்களை நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அரை மணி நேர விளக்கத்தைவிட அந்தப் பார்வை அதிகம் புரியவைக்கும்.

முடிந்தால் ஏதேனும் ஒரு போட்டியை இணையத்தில் எல்லோரும் சேர்ந்து பாருங்கள். ஐரோப்பாவில் நண்பகலில் தொடங்கும் போட்டி நமக்கு மாலை நாலரை மணிக்கு வருவதால், பள்ளி விட்டதும் பார்க்க வசதி. திரையில் ஒவ்வொரு வீரருக்கும் ஐந்து புள்ளிகள் தெரியும். சுடச்சுட அவை நிறம் மாறும். பனிச்சரிவில் யார் முந்துகிறார் என்று பார்ப்பதை விட்டுவிட்டு, சுடுமிடத்துக்குள் வந்த வீரர் முதல் குண்டுக்கு முன் எத்தனை நொடி எடுத்துக்கொள்கிறார், அடுத்தடுத்த குண்டுகளுக்கு இடையே எத்தனை நொடி விடுகிறார் என்பதை மட்டும் மாணவர்கள் கைக்கடிகாரத்தில் எண்ணிக் குறிக்கட்டும்.

அனுமதியும் துப்பாக்கியும்

மூலப் போட்டியில் பயன்படுவது .22 ரகத் துப்பாக்கி. அதற்கு உரிமம் வேண்டும். பள்ளி அளவில் அதை நினைக்கவே வேண்டாம். 10 மீட்டர் தொலைவில் சுடும் .177 ரக ஏர் ரைபிள்தான் நமக்கு உரியது. உரிமம் தேவைப்படாத குறைந்த ஆற்றல் கொண்ட வகையாகவே இருந்தாலும், தலைமையாசிரியரின் எழுத்து அனுமதியும், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பமும், உள்ளூர்க் காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே கொடுத்த கடிதமும் இல்லாமல் ஒரு குண்டுகூட வெடிக்கக் கூடாது. துப்பாக்கிகளைப் பெரியவர் ஒருவர் பூட்டி வைத்திருந்து, பயிற்சி நேரத்தில் மட்டும் வெளியே எடுக்க வேண்டும். மூலப் போட்டியில் வீரர்கள் குறைந்தது மூன்றரைக் கிலோ எடையுள்ள துப்பாக்கியை முதுகில் சுமந்துகொண்டே சறுக்குவார்கள். நாம் அதைப் பின்பற்றவே கூடாது. துப்பாக்கி பாயின்மேல், முனை மண்சுவரை நோக்கியபடி, எப்போதும் அதே இடத்தில் இருக்க வேண்டும். ஓடிவருபவர் வெறுங்கையோடு வந்து வெறுங்கையோடு போக வேண்டும்.

சுடுமிடத்தை அமைத்தல்

சுடும் திசை வடக்காக இருந்தால் காலை வெயில் கண்ணில் அடிக்காது. பின்னணியில் ஏரிக்கரை போன்ற நல்ல மண்மேடு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மணல் மூட்டைகளை ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிக்கொள்ள வேண்டும். ஏர் ரைபிள் குண்டு தடையின்றிப் போனால் சில நூறு மீட்டர் வரை பறக்கும் என்பதால், மேட்டுக்குப் பின்னால் வீடோ, வழியோ, ஆடு மேய்க்கும் இடமோ இருக்கலாகாது. ஓடுபாதை முழுவதும் சுடுபவர்களின் முதுகுப்புறமாகவே அமைய வேண்டும். இலக்குகளுக்குப் பின்னால் வளைந்து செல்லும் பாதை எவ்வளவு வசதியாகத் தெரிந்தாலும் வேண்டாம்.

இலக்குகளைப் பற்றி நான் முதல் ஆண்டில் செய்த தவற்றைச் சொல்லியாக வேண்டும். 50 மீட்டருக்கு 45 மில்லிமீட்டர் என்றால் 10 மீட்டருக்கு 9 மில்லிமீட்டர், 115 என்றால் 23 மில்லிமீட்டர் என்று ஐந்தால் வகுத்து, படுத்துச் சுடுவதற்குச் சட்டைப் பொத்தான் அளவிலும், நின்று சுடுவதற்கு ஒரு ரூபாய் நாணய அளவிலும் அட்டை வட்டங்களை ஒட்டி வைத்தேன். கணக்கு சரிதான். ஆனால் முதல் நான்கு மாணவர்கள் நின்று சுட்ட இருபது குண்டுகளில் ஒன்றுகூட வட்டத்தைத் தொடவில்லை. ஆளுக்கு ஐந்து தண்டனைச் சுற்று ஓடி, அவர்கள் மறுநாள் பயிற்சிக்கே வரவில்லை. தேர்ந்த வீரர்களின் துப்பாக்கியில் உள்ள நுண்ணிய குறிகாட்டியும் தோள் வாரும் நம்மிடம் இல்லை என்பதை நான் கணக்கில் சேர்த்திருக்க வேண்டும்.

அட்டை வட்டங்களில் இன்னொரு குறையும் உண்டு: குண்டு பட்டதா இல்லையா என்பது சுட்டவருக்கு உடனே தெரியாது. மூலப் போட்டியில் குண்டு பட்டதும் கருவட்டம் வெள்ளையாகிவிடும்; அந்த நொடியிலேயே கிடைக்கும் விடைதான் அடுத்த குண்டைச் செலுத்துகிறது. அதனால் இரண்டாம் ஆண்டு முதல் வேறு ஏற்பாடு செய்தோம். படுத்துச் சுடுவதற்குத் தண்ணீர் பாட்டிலின் மூடிகள் ஐந்து. நின்று சுடுவதற்குக் கார்த்திகைக்கு ஏற்றி முடித்த சிறிய அகல் விளக்குகள் ஐந்து. இரண்டையும் ஈரமணல் நிரப்பிய மரப்பெட்டிகளில் இரண்டு தட்டுகளாக, வட்டம் சுடுபவரைப் பார்க்கும்படி செங்குத்தாகச் செருகினோம். மூடி துள்ளி விழும். அகல் உடைந்து சிதறும். ஊரில் கார்த்திகை முடிந்த மறுவாரமே வீடு வீடாகப் பழைய அகல்களைச் சேகரிக்க மாணவர்களே போய்விடுவார்கள். இரும்புத் தகட்டை இலக்காக வைக்காதீர்கள். குண்டு திரும்பித் தெறிக்கும். சுடுபவர்கள், அருகில் நிற்பவர்கள் அனைவருக்கும் கண்ணைக் காக்கும் கண்ணாடி கட்டாயம்.

இப்படி விழுந்த இலக்குகளைத் திரும்ப வைக்க ஒருவர் முன்னால் போக வேண்டும், அப்போது பக்கத்துத் தடத்தில் இன்னொருவர் சுட்டுக்கொண்டிருக்கலாகாது. இந்தச் சிக்கலுக்காகத்தான் போட்டியை நால்வர் நால்வராகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. மூலப் போட்டியின் ஸ்பிரின்டில் வீரர் காலியான எந்தத் தடத்திலும் போய்ச் சுடலாம்; நம் போட்டியில் ஆளுக்கு ஒரு தடம், அந்தத் தடத்தில் அவருக்கான மூடிகளும் அகல்களும் முன்பே தயார். நால்வரும் முடித்துத் துப்பாக்கிகள் கீழே வைக்கப்பட்டு, நடுவர் நீண்ட விசில் ஊதிய பிறகே யாரும் சுடுகோட்டைத் தாண்டலாம்.

குண்டு நிரப்புவது மாணவர் வேலையன்று. குழாயை மடக்கித் திறக்கும் துப்பாக்கிக்குக் கை வலு வேண்டும். படுத்தபடி மடக்கினால் விரல் நசுங்கும். ஒவ்வொரு தடத்திலும் ஒரு பெரியவர் நிரப்பிக் கொடுக்க வேண்டும். இதில் ஒரு சச்சரவு வந்தது. ஒரு தடத்தில் நின்றவர் மின்னல் வேகத்தில் நிரப்பினார், அடுத்த தடத்தவர் நிதானமாக நிரப்பினார். பிந்திய மாணவனின் தந்தை என்னிடம் வந்து, "சார், என் பையன் ஓட்டத்துல தோக்கல, உங்க ஆளாலதான் தோத்தான்" என்றார். அவர் சொன்னது நியாயம். அதிலிருந்து, சுட்ட ஒலி கேட்டதும் மனத்துக்குள் எட்டு எண்ணி முடித்த பிறகே அடுத்த குண்டோடு துப்பாக்கியைக் கையில் தர வேண்டும் என்று எல்லோருக்கும் ஒரே விதி வைத்தோம். உண்மையான போட்டியில் தேர்ந்தவர்கள் இரண்டு மூன்று நொடிக்கு ஒரு குண்டு விடுவார்கள். அதைவிட நம் மாணவர்களுக்கு மூச்சு வாங்க அதிக இடைவெளி கிடைக்கிறது. தொடக்கநிலையில் அதை நான் குறையாகக் கருதவில்லை.

பாதையும் தண்டனைச் சுற்றும்

ஒரு சுற்று 600 மீட்டர், மொத்தம் மூன்று சுற்று, ஆக 1,800 மீட்டர் என்பது இந்த வயதுக்குப் போதும். 200 மீட்டர் மைதானத்தையே மூன்று முறை சுற்றவிட்டால் எண்ணிக்கை குழம்பும்; பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டியோ ஏரிக்கரையை ஒட்டியோ ஒரே நீள்வட்டமாகப் பாதை போடுவது நல்லது. நடுவில் ஒரு சிறு ஏற்றம் இருந்தால் இன்னும் நல்லது, ஏனெனில் பயத்லான் பாதைகள் ஏற்ற இறக்கம் கொண்டவை. ஆனால் ஏற்றம் சுடுமிடத்துக்குச் சற்று முன்னால் வரலாகாது.

தண்டனைச் சுற்றை 150 மீட்டர் என்று அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சறுக்குக் கட்டையில் அதைக் கடக்க ஏறத்தாழ 25 நொடி போதும். களைத்த மாணவர் கால்நடையாக ஓடினால் 40 நொடியாகும். ஒரு தவறின் விலை இரு இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டுமென்றால், சுண்ணாம்பால் 90 அல்லது 95 மீட்டர் வட்டம் போடுங்கள். அது சுடுமிடத்திலிருந்து வெளியேறும் வழியிலேயே இருக்கட்டும்.

யார் எத்தனை தண்டனைச் சுற்று ஓடினார் என்று எண்ணுவதுதான் முழுப் போட்டியிலும் மிகக் கடினமான வேலை. முதல் ஆண்டு ஒரு மாணவி இரண்டு ஓட வேண்டிய இடத்தில் மூன்று ஓடி, கடைசியில் நான்கு நொடியில் முதலிடத்தை இழந்தாள். எண்ணிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார். இப்போது புளியங்கொட்டை முறைக்கு மாறிவிட்டோம். சுட்டு முடித்து எழும் மாணவர் கையில், எத்தனை இலக்கு தவறியதோ அத்தனை புளியங்கொட்டையைத் தட நடுவர் வைப்பார், தாளிலும் குறித்துக்கொள்வார். தண்டனைச் சுற்றின் தொடக்கத்தில் ஒரு வாளி இருக்கும். ஒவ்வொரு சுற்று முடியும்போதும் ஒரு கொட்டையை அதில் போட வேண்டும், கை காலியானால் வெளியே ஓடலாம். ஓட வேண்டிய தண்டனைச் சுற்றை விட்டுவிட்டால் பன்னாட்டு விதிப்படி சுற்றுக்கு இரண்டு நிமிடம் கூட்டப்படும். அதே விதியை நாமும் வைத்துக்கொள்ளலாம்.

மூச்சைப் பழக்குதல்

போட்டிக்கு முன் ஆறு வாரப் பயிற்சி வேண்டும். முதல் இரண்டு வாரம் ஓட்டம் தனி, சுடுதல் தனி. துப்பாக்கியைப் பிடித்துப் பழகுவதற்கு, குண்டில்லாமல் விசையை அழுத்திப் பார்க்கச் சொல்லாதீர்கள். சுருள்வில் வகை ஏர் ரைபிள்களுக்கு அது கேடு, உள்ளிருக்கும் வளையம் கெட்டுவிடும். துப்பாக்கி நீளத்துக்கு ஒரு மூங்கிலை வெட்டி, நுனியில் அரைக் கிலோ மணல் பையைக் கட்டி, அதைத் தோளில் சாய்த்து 20 நொடி அசையாமல் நிற்கப் பழக்கினாலே போதும்.

மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டையும் சேர்க்க வேண்டும். 200 மீட்டர் ஓடிவந்து நின்றதும், கழுத்தில் விரல் வைத்து 10 நொடிக்கு நாடித்துடிப்பை எண்ணச் சொல்லுங்கள். 28, 30 என்று வரும். ஆறால் பெருக்கினால் நிமிடத்துக்கு 170, 180. இந்தத் துடிப்போடுதான் உலகத்தின் சிறந்த வீரர்களும் சுடுமிடத்துக்கு வருகிறார்கள் என்று அப்போது சொல்ல வேண்டும். துடிப்பைக் கீழே இறக்கிவிட்டுச் சுடுவதற்கு நேரமில்லை; துடிப்பு இருக்கும்போதே மூச்சை மட்டும் ஆளப் பழக வேண்டும்.

முறை இதுதான். சுடுமிடத்துக்கு 50 மீட்டர் முன்பிருந்தே வேகத்தைக் குறைக்க வேண்டும். அங்கே இழக்கும் இரண்டு மூன்று நொடி, ஒரு தண்டனைச் சுற்றில் பத்தில் ஒரு பங்குதான். பாயில் படுத்ததும் உடனே விசையைத் தொடக் கூடாது. இரண்டு முழு மூச்சு விட்டு, மூன்றாவது மூச்சைப் பாதி வெளியே விட்டு நிறுத்தி, இரண்டு நொடிக்குள் சுட வேண்டும். பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் ஒரு முழு மூச்சு. விசையை இழுக்காதே, அழுத்து என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

நின்று சுடும்போது இந்தப் பொறுமையே எதிரியாகிவிடும். ஓடிவந்த தொடை நடுங்கத் தொடங்குவதால், குறி சரியாகும் வரை காத்திருப்பவருக்குக் குறி சரியாகவே ஆகாது. ஐந்து நொடிக்குள் சுட முடியவில்லை என்றால் துப்பாக்கியைத் தாழ்த்தி, மூச்சு வாங்கி, மறுபடி எடுக்க வேண்டும். மாங்காய்க்குக் கல் விட்டுப் பழகிய நம் பிள்ளைகள் நின்று சுடுவதில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேறுகிறார்கள்; படுத்துச் சுடுவதில்தான் அவசரப்படுகிறார்கள்.

ஐந்தாவது குண்டைத் தனியாகப் பழக்க வேண்டும். நான்கு அகலும் உடைந்துவிட்டால், மீதமிருக்கும் ஒன்றைப் பார்த்ததுமே மாணவரின் முகம் மாறிவிடுவதை எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன். ஒன்று அவசரப்பட்டு விடுவார், இல்லையென்றால் கை கல்லாகிவிடும். பயிற்சியில் வாரத்துக்கு ஒரு நாள், ஓடிவந்ததும் ஒரே ஒரு அகலை மட்டும் வைத்து, அது தவறினால் ஐந்து தண்டனைச் சுற்று என்று விதியுங்கள். 1960இல் பயத்லான் முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றபோது, சறுக்கு வேகத்தில் பலருக்குப் பின்தங்கியிருந்த சுவீடனின் கிளாஸ் லெஸ்டாண்டர், 20 குண்டுகளில் ஒன்றையும் தவறவிடாததால் தங்கம் வென்றார். மெதுவாக ஓடுகிற மாணவர்களுக்கு இதைச் சொன்ன அன்று அவர்கள் சுடுவதிலேயே ஒரு மாற்றம் தெரியும்.

போட்டி நாள்

தை, மாசி மாதங்களின் காலை நேரமே ஏற்றது. ஆடிக்காற்றில் இதை நடத்தாதீர்கள். 10 மீட்டரில் காற்று குண்டைத் தள்ளுவதைவிட நிற்கிற ஆளைத் தள்ளுவதுதான் தொல்லை. முந்தைய நாள் ஒவ்வொரு மாணவரும் தமக்குரிய தடத்துத் துப்பாக்கியில் ஐந்து குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். ஒரு துப்பாக்கி இடப்பக்கம் ஒரு விரல் தள்ளிப் போகும், இன்னொன்று மேலே தூக்கும். அதை ஓர் அட்டையில் எழுதிப் பாயின் தலைமாட்டில் குத்தி வையுங்கள்.

நால்வரையும் 30 நொடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராகப் புறப்படச் செய்து, வந்து சேர்ந்த நேரத்திலிருந்து புறப்பட்ட நேரத்தைக் கழித்தால் அவரவர் நேரம் வரும். கோட்டை முதலில் தொட்டவர் வெற்றியாளர் அல்லர் என்பதைப் பார்க்க வந்த பெற்றோருக்கும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் கைதட்டல் ஒருவருக்கும் பரிசு இன்னொருவருக்கும் போய்ச் சங்கடமாகும். ஒரு குழுவுக்கு ஓட்டமும் இலக்கு மாற்றுவதுமாக 25 நிமிடம் வைத்துக்கொண்டால், 24 பேருக்கு இரண்டரை மணி நேரம். ஆறரைக்குத் தொடங்கினால் ஒன்பது மணிக்குள், வெயில் ஏறுமுன் முடித்துவிடலாம்.

நன்றாகச் சுடுகிறவர்கள் ஓரிருவர் தென்பட்டால், அவர்களை 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிகளுக்குத் தயாராக்கும் ரைபிள் கிளப் ஒன்றில் சேர்த்துவிடுவது அடுத்த படி. என்.சி.சி.யில் இருப்பவர்களுக்கு .22 துப்பாக்கியும் அங்கேயே பழக்கமாகும். சறுக்கைக் கற்க காஷ்மீரின் குல்மார்க்குக்கோ உத்தராகண்டின் அவுலிக்கோதான் போக வேண்டும். செலவு பெரிது, ஆகையால் ஆசை காட்டும் முன் பெற்றோரிடம் பேசிவிடுங்கள்.

போட்டி முடிந்ததும் மணல் பெட்டிகளைச் சலித்து ஈயக் குண்டுகளையும் அகல் துண்டுகளையும் பொறுக்கி எடுங்கள். ஈயம் மண்ணில் கிடக்கக் கூடாது, அதைத் தொட்ட கை வாய்க்கும் போகக் கூடாது. சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே மாணவர்களுக்குக் கேழ்வரகுக் கூழை ஊற்றுங்கள்.